குட்டியானையில் வந்த பார்வர்டு

1

போன வியாழக்கிழமை என் வீட்டுக்காரர் பர்மனெண்ட் ஆனார்.

நெய்வேலிக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஸ்வீட் எங்கே என்றுதான் கேட்பார்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நான் வளர்ந்த ஊரில் மனிதர்கள் இரண்டே வகை. ஒன்று பர்மனெண்ட், இன்னொன்று கான்ட்ராக்ட். பெண் பார்க்க வருகிறவனிடம் பெயரைக் கேட்பதற்கு முன்னால் இதைக் கேட்பார்கள். பதில் சரியில்லை என்றால் காபியில் சர்க்கரை குறையும்.

நாங்கள் இருப்பது இத்தாலியில், எமிலியா பக்கம், டைல்ஸ் செய்கிற ஊர் ஒன்றில். தாவிதே, அதுதான் வீட்டுக்காரர் பெயர், ஒரு டைல்ஸ் குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். ஊரில் படிக்கிறவர்களுக்காக 'அவர்' என்று எழுதுகிறேன். வீட்டில் நீ, வா, போதான். குடோனுக்கு வருவதற்கு முன் பதினேழு வருடம் அவர் தொழில்முறைக் கால்பந்தாட்டக்காரர். பார்வர்டு. கோல் போடுகிற வேலை. போட்டாரா என்பது பிறகு வரும்.

மதியம் வந்து ஷூவைக் கழற்றியதும், "உன் அப்பாவுக்கு நீ சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா?" என்று இத்தாலியனில் கேட்டார். அவருக்கு மொத்தமாகத் தெரிந்த தமிழ் ஒரு கைப்பிடி. அதில் பர்மனெண்ட்டும் ஒன்று. அதைத் தமிழ் வார்த்தை என்றே நம்பிக்கொண்டிருக்கிறார்.

"நாளைக்குச் சொல்லலாம்" என்றேன்.

அப்பா அப்போது டீ குடித்துக்கொண்டு சும்மாதான் இருந்திருப்பார். ஆனாலும் தள்ளிப்போட்டேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்பா கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்குப் பதில் கிடைத்திருக்கிறது. அந்தப் பதிலைக் கேட்டுவிட்டு, "இப்பதான் ஆளாயிருக்காரு" என்று ஒரு வார்த்தை அவர் சொல்லிவிட்டால், அந்தப் பதினேழு வருடமும் வெட்டிப் பொழுதாகிவிடும். எனக்கு அதுதான் பயம். சொல்லியிருந்தால் போனைச் சுவரில் அடித்திருப்பேன். போன் புதுசு வேறு.

அன்றைக்குத்தான் அந்தப் போன், போன வருடம் இதே நாள் என்று ஒரு படத்தைத் தானாகக் காட்டியது. கழுத்து தெரியாத அளவுக்கு மாலை போட்டுக்கொண்டு, குட்டியானையின் பின்பக்கம் நின்றபடி என் வீட்டுக்காரர் அழுதுகொண்டிருக்கிறார். குட்டியானை என்றால் நம் ஊரில் சாமான் ஏற்றுகிற சின்ன வண்டி. இங்கே ஆபீஸில் இந்தப் படத்தைப் பார்த்த ஒருத்தி, "கடத்திக்கொண்டு போகிறார்களா?" என்று கேட்டாள்.

2

என் அப்பா பெயர் கலியபெருமாள். அவர் பிறந்த ஊர் இப்போது சுரங்கத்துப் பள்ளம். "நான் பொறந்த வூடு வானத்துல இருக்குது" என்பார். மண்ணையெல்லாம் தோண்டி எடுத்துவிட்டதால் வீடு இருந்த மட்டத்தில் இன்று காற்றுதான் இருக்கிறது. இதை அவர் சோகமாகச் சொல்வதில்லை, விலாசம் சொல்வது போலச் சொல்வார்.

நிலம் போனது, கான்ட்ராக்ட் வேலை வந்தது. கரி கொண்டுபோகிற கன்வேயர் பெல்ட் பக்கத்தில் டியூட்டி. நான் ஆறாவது படிக்கும்போது பர்மனெண்ட் ஆனார். அதே பெல்ட், அதே கரி, அதே ஷிப்ட். ஆனால் அன்றைக்கு அம்மா தெரு முழுக்க லட்டு கொடுத்தாள். குவாட்டர்ஸ் கிடைத்தது. அதுவரை அப்பாவை 'டேய் கலியா' என்று கூப்பிட்டவர்கள் 'கலியபெருமாள்' என்று முழுசாகக் கூப்பிட்டார்கள். பெயரின் பின்பாதி கான்ட்ராக்ட்காரனுக்குக் கிடையாது போல என்று நான் நினைத்துக்கொண்டேன்.

நான் விருத்தாசலத்தில் செராமிக் படித்து, குஜராத்தில் டைல்ஸ் ஃபேக்டரிக்குப் போய், அங்கே வந்த இத்தாலி மெஷினோடு பழகி, மெஷின் வந்த ஊருக்கே வந்து சேர்ந்தேன். நான் வேலைக்குச் சேர்ந்த இடத்தில் முதல் வருடமே பர்மனெண்ட். அப்பா எனக்காக வடலூர் போய் விளக்கேற்றினார்.

அப்புறம்தான் தாவிதே. நான் இருந்த கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. மேல் மாடிக்காரர் முழங்காலில் கட்டுடன், இரண்டு ஊன்றுகட்டைகளைப் பக்கத்தில் சாய்த்துவிட்டு, பாதிப் படியில் உட்கார்ந்திருப்பார். தாண்டிப் போகும்போதெல்லாம் மன்னிப்புக் கேட்பார். எத்தனை தடவைதான் ஒரு மனிதரைத் தாண்டிப் போவது? கல்யாணம் செய்துகொண்டேன்.

அதற்கு முன்னால் அப்பாவிடம் போனில் சொல்ல வேண்டியிருந்தது.

"பையன் இன்னா பண்றாரு?"

"ஃபுட்பால் ஆடறாருப்பா."

"அது சரி. வேல இன்னா?"

"அதான்பா வேல. கிளப்புல சம்பளம் குடுக்கறாங்க."

"பர்மனெண்ட்டா?"

"கான்ட்ராக்ட். வருஷா வருஷம் போடுவாங்க."

போன் கை மாறியது. பிறகு அம்மா பேசினாள். "அப்பா கொல்லப்பக்கம் போயிருக்காரு. நீ சாப்ட்டியா?"

கல்யாணத்தை அவர் தடுக்கவில்லை. வந்த சொந்தக்காரர்களிடம் மாப்பிள்ளை பார்வர்டு என்று சொன்னார். "அப்டின்னா ஐயரூட்டுப் புள்ளயா?" என்று ஒரு சித்தி கேட்டாள். பார்வர்டு என்றால் எங்கள் பக்கம் சாதி சர்டிபிகேட்டில் வருகிற வார்த்தை. அப்பா மறுக்கவில்லை, கான்ட்ராக்ட் என்று சொல்வதற்கு இது மேல் என்று விட்டுவிட்டார்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை போனில் முதல் கேள்வி மாறவே இல்லை. "டேவிட்டுக்கு பர்மனெண்ட் ஆச்சா?" தாவிதே அவர் வாயில் டேவிட்டு. எங்கள் மகள் நிலா, இத்தாலியனில் கனவு காண்கிறவள், முழுசாகச் சொன்ன முதல் தமிழ் வாக்கியம் என்ன தெரியுமா? "இன்னும் ஆகல தாத்தா."

3

இப்போது அவருடைய தொழில்.

பதினான்கு வயதில் ஒரு பெரிய கிளப்பின் பையன்கள் அணிக்கு எடுத்தார்கள். பத்தொன்பதில் கையைக் குலுக்கி அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு நாற்காலி செய்கிற ஊர், செருப்பு செய்கிற ஊர், பன்றித் தொடைக்கு உப்புப் போட்டுத் தொங்கவிடுகிற ஊர், நடுவில் ஒரு தீவு. இங்கே கால்பந்து படிப்படியாக இருக்கிறது. நீங்கள் டிவியில் பார்ப்பது மேல் படி. இவர் பெரும்பாலும் மூன்றாம் படி. முழங்காலில் ஆபரேஷன் தழும்பு ஒவ்வொன்றையும் அவரே தடவிப் பார்த்து எந்த ஊர் என்று சொல்வார்.

மேல் படியில் ஒரே ஒரு ஆட்டம். யாருக்கோ அடிபட்டதால் கடைசிச் சில நிமிடங்களுக்கு இவரை இறக்கினார்கள். பந்து இவர் பக்கம் வரவேயில்லை. அந்தச் சட்டை இன்னும் அலமாரியில் துவைக்காமல் இருக்கிறது. ஞாபகத்துக்கா என்று கேட்டேன். "வேர்க்கவே இல்லையே, துவைக்க என்ன இருக்கிறது?" என்றார்.

கோல் போட்டாரா என்றால், போட்டார். சில வருடம் நிறைய, சில வருடம் தெருவில் முகத்தைக் காட்ட முடியாத அளவுக்கு. நாற்காலி ஊரில் ஒரு பேக்கரிக்காரர் இவருக்கு ரொட்டியை இலவசமாகக் கொடுத்தார். அடுத்த வருடம் அதே பேக்கரிக்காரர் ரொட்டி தீர்ந்துவிட்டது என்றார். பின்னால் அலமாரி முழுக்க ரொட்டி அடுக்கியிருந்தது.

ஒவ்வொரு ஜூன் மாதமும் கான்ட்ராக்ட் முடியும். ஜூலை முழுக்கப் போனைக் கையில் வைத்துக்கொண்டு திரிவார். குளிக்கப் போனால்கூடப் போனும் கூடப் போகும். ஏஜெண்ட் கூப்பிட்டுப் புது ஊர் பெயரைச் சொன்னால் பெட்டி கட்டுவார். நான் டைல்ஸ் ஊரிலேயே இருப்பேன், அவர் வாராவாரம் வந்து போவார். அவருடைய அட்டைப்பெட்டிகள் சிலவற்றை நாங்கள் பிரித்ததே இல்லை. நெய்வேலியில் ஒரு குவாட்டர்ஸில் இருபது வருடம் இருந்து, மாமரம் வைத்து, காலி பண்ணும்போது மரத்தைக் கட்டிப்பிடித்து அழுகிறவர்கள் நாங்கள். எனக்கு அந்தப் பெட்டிகளைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும்.

ஒருமுறை அவர் கோல் போட்ட வீடியோவை அப்பாவுக்கு அனுப்பினேன். பெருமையாகத்தான் அனுப்பினேன்.

"பாத்தம்மா. மத்தவன்லாம் ஓடிகினு இருக்கான். இவரு மட்டும் ஏன் நின்னுகினு இருக்காரு?"

"அது அவர் எடம்பா. பந்து வரும்போது அங்க இருக்கணும்."

"வரலன்னா?"

"வரலன்னாலும் நிக்கணும்."

"நிக்கிறதுக்கா சம்பளம்?" என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் போனைக் கொடுத்தார். ஒரு வாரம் எனக்கு அவரோடு பேசப் பிடிக்கவில்லை.

4

முப்பத்தாறு வயதில் ஒரு ஜூலை வந்தது. போன் வரவில்லை.

ஆகஸ்டிலும் வரவில்லை. ஆட்டங்கள் தொடங்கிவிட்டன. இந்தத் தொழிலில் முடிந்துவிட்டது என்று யாரும் வந்து சொல்வதில்லை. கடிதம் கிடையாது, கைகுலுக்கல் கிடையாது. போன் அடிக்காது, அவ்வளவுதான். அடிக்காத போனை எந்த நாளில் வைத்து முடிந்ததாக எடுத்துக்கொள்வது?

அவர் எடுத்துக்கொள்ளவில்லை. விடிவதற்கு முன் எழுந்து ஓடினார். ஷூ பை கார் டிக்கியிலேயே இருந்தது. நிலாவின் டீச்சர், "இப்போ எந்த டீம்?" என்று கேட்டால், "பேசிக்கொண்டிருக்கிறோம்" என்பார். யாரோடு? வீட்டில் என்னோடுகூடப் பேசவில்லை. சாப்பிடும்போது அவர் காது போன் பக்கம் இருக்கும். ஒரு தடவை அடித்தது. டைல்ஸ் வேண்டுமா என்று யாரோ கேட்டார்கள். இந்த ஊரில் வந்து.

முடிந்துவிட்டதுடா என்று நானாவது சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. மனைவி சொல்கிற விஷயமா அது? இரவில் அவர் தூங்காமல் கூரையைப் பார்த்துப் படுத்திருப்பார். இந்த மனிதர் இப்படியே நாற்பது வயது வரை போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாரோ என்று உண்மையாகவே பயந்தேன்.

"பொங்கலுக்கு ஊருக்குப் போகலாம்" என்றேன். கல்யாணம் ஆகி ஒரு பொங்கலுக்கும் அவர் வந்ததில்லை. குளிர்காலம் முழுக்க ஆட்டம் இருக்கும். எப்போது வந்தாலும் கத்திரி வெயிலில்தான் வருவார். நெய்வேலியில் வேறு பருவம் இருப்பதே அவருக்குத் தெரியாது. சரி என்றார். பெட்டியில் என் புடவைகளுக்கு நடுவே அவருடைய ஷூவை வைத்தார்.

"அது எதுக்கு?"

"ஜனவரியில் ஆள் எடுப்பார்கள். யாராவது கூப்பிட்டால்?"

5

வெளிநாட்டுக்காரர் வீட்டில் தங்கினால் போலீஸ் ஸ்டேஷனில் தகவல் கொடுக்க வேண்டும். அப்பா ஓய்வு பெற்ற பிறகு டவுன்ஷிப்புக்கு வெளியே, ஆர்ச் கேட் தாண்டி வீடு கட்டியிருக்கிறார். போய்ச் சேர்ந்த மறுநாளே எங்களை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பினார். இஸ்திரி போட்ட சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா. அரசாங்கக் கட்டடம் எதுவாக இருந்தாலும் அவருக்கு இதுதான் யூனிஃபார்ம்.

ஸ்டேஷன் ரைட்டர் நல்ல மனிதர். பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தொழில்?" என்று கேட்டார்.

ஜூலையிலிருந்து நான் பயந்துகொண்டிருந்த கேள்வி. நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா சொன்னார்.

"ரிட்டையர்டு."

ரைட்டர் தாவிதேயை நிமிர்ந்து பார்த்தார். "இவரா? வயசு இன்னாங்க?"

"முப்பத்தாறு."

"வி.ஆர்.எஸ்ஸா?"

"இல்லைங்க. சர்வீஸே முடிஞ்சிது. பந்து ஆடுற வேல. அதுல முப்பத்தஞ்சு தாண்டுனா நமக்கு அறுவது மாதிரி."

"குடுத்து வெச்சவரு" என்று சொல்லிவிட்டு ரைட்டர் எழுதிக்கொண்டார்.

"என்ன சொன்னார்கள்?" என்று தாவிதே கேட்டார். ஆட்டோவில் ஏறியதும் மொழிபெயர்த்தேன். வேறு எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆனால் யாரோ ஒருவர் சொல்லிவிட்டார்களே என்று எனக்கு ஒரு பக்கம் ஆறுதலாக இருந்தது. அவர் ஆர்ச் கேட் வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அப்புறம், "உன் அப்பாவுக்கு யார் சொன்னது?" என்று கேட்டார்.

அப்பாவிடம் கேட்டேன்.

"இத ஒருத்தர் சொல்லணுமா? விடியறதுக்குள்ள எழுந்து ஷூவ மாட்டிகினு கேட்டாண்ட வந்து நிக்கிறாரு. எங்க போறதுன்னு அவருக்கே தெரியல. ரிட்டையர் ஆயிட்டு நானும் அப்டித்தான் நின்னேன். உங்கம்மாவ கேளு." கொஞ்ச நேரம் கழித்து, "ஏம்மா, அங்க வழியனுப்பு விழா பண்ணாங்களா?" என்றார்.

"இல்லப்பா."

"மாலை?"

"இல்ல."

"ஒரு சால்வ கூடவா போடல?"

"போன் வரலப்பா. அவ்ளோதான். முடிஞ்சிடுச்சி."

அப்பா ஆட்டோ கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பி என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு திகைப்பை நான் பார்த்ததில்லை.

"அப்பறம் எப்டிம்மா வூட்டுக்கு வந்தாரு?"

6

இந்தக் கேள்வி நெய்வேலிக்காரர்களுக்குத்தான் புரியும். எங்கள் ஊரில் ரிட்டையர் ஆகிறவர் தானாக வீட்டுக்கு வருவதில்லை. கடைசி ஷிப்ட் முடிந்ததும் கூட வேலை பார்த்தவர்கள் மாலை போட்டு, மேளம் அடித்து, வண்டியில் ஏற்றி, வெடி போட்டுக்கொண்டு கொண்டுவந்து வீட்டில் விடுவார்கள். வாசலில் பெண்டாட்டி ஆரத்தி எடுப்பாள். அப்படிக் கொண்டுவந்து விடாத வரைக்கும் ஆள் இன்னும் டியூட்டியில்தான் இருக்கிறார்.

தாவிதே கடைசி ஆட்டம் முடிந்து காரை ஓட்டிக்கொண்டு வந்தார். வழியில் பெட்ரோல் போட்டார்.

சாயங்காலத்துக்குள் அப்பா குட்டியானைக்கும் மேளத்துக்கும் சொல்லிவிட்டார். ஃபிளெக்ஸ் அடிக்கப் போட்டோ கேட்டார். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"அவர் இன்னும் நிறுத்தலப்பா! ஷூவை எடுத்துகிட்டு வந்திருக்காரு. நீங்க பாட்டுக்கு மாலை போட்டா மனசு ஒடஞ்சி போயிடுவாரு. இத்தனை வருஷம் கான்ட்ராக்ட் கான்ட்ராக்ட்னு அவரைக் குத்திக் காட்டினீங்க. இப்ப விழா எதுக்கு?"

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அப்பா சண்டைக்கு வரவில்லை.

"நான் எப்பம்மா குத்திக் காட்னேன்? ஆச்சான்னு கேட்டேன். ஆகாம கெடந்தா எப்டி இருக்கும்னு எனக்குத் தெரியும், அதனால கேட்டேன்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அவரயே கேளு. வேணான்னா வேணாம். ஆனா ஒண்ணு. சும்மா மால போட முடியாது. கடைசி டியூட்டி பாத்துட்டுத்தான் மால."

"என்ன டியூட்டி?"

"ஆட்டம் வெச்சிக்கலாம். கிரவுண்டுல பசங்க ஆடிகினுதான் இருக்காங்க."

தாவிதேயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மேளம், வண்டி, ஆரத்தி, வெடி. சொல்லச் சொல்ல எனக்கே பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"ஆட்டம் உண்டா?"

"உண்டு."

"அப்படியென்றால் சரி" என்று பெட்டியிலிருந்து ஷூவை எடுத்தார்.

7

கிரவுண்டில் சாயங்காலம் ஆடுகிறவர்கள் எல்லோரும் கான்ட்ராக்ட் பையன்கள். முதல் ஷிப்ட் முடித்துவிட்டு வெறுங்காலோடு ஆடுவார்கள். ஒரு பக்கம் இரும்பு கோல்கம்பம். இன்னொரு பக்கம் இரண்டு சவுக்குக் கழி. அப்பாவோடு பெல்ட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் ஃபிளெக்ஸ். 'பணி நிறைவுப் பாராட்டு விழா, திரு. டேவிட், பார்வர்டு, இத்தாலி.' அடித்துக் கொடுத்த பையன் தன் இஷ்டத்துக்கு ஒரு சிங்கமும் சேர்த்திருந்தான்.

தாவிதே செம்மண்ணில் பெரும்பாலும் நின்றார். நாற்காலிக்காரர்கள் முணுமுணுத்தார்கள். "ஃபாரின்காரரு ஓடவே மாட்டேங்கறாரே" என்று ஒருவர் சொன்னது எனக்கே கேட்டது. கடைசியில் ஒரு பையன் வலது பக்கத்திலிருந்து பந்தை உயரமாகத் தூக்கிப் போட்டான். அது வரும் என்று அவருக்கு எப்படித் தெரிந்ததோ, அந்த இடத்தில் அவர்தான் இருந்தார். எட்டி உதைத்தார். பந்து சவுக்குக் கழியில் பட்டது. கழி பெயர்ந்து விழுந்தது. பந்து எந்தப் பக்கம் போனது என்று சொல்வதற்குக் கம்பமே இல்லை.

எல்லோரும் கோல் என்று கத்தினார்கள். கோல்கீப்பரும் சேர்ந்து கத்தினான். தாவிதே மட்டும் விரலை ஆட்டி, கோல் இல்லை என்றார். அந்த வயசிலும் அவருக்குப் பொய் கோல் பிடிக்கவில்லை. அதையும் மீறிக் கோல் என்றே முடிவானது. விழா நாயகருக்கு அதில் ஓட்டு இல்லை.

அப்புறம் அப்பா மைக்கைப் பிடித்தார். என் அப்பா மைக்கில் பேசி நான் பார்த்ததில்லை.

"எல்லாருக்கும் வணக்கம். டேவிட்டு நம்ம மருமவன். இவரு ஆடுனத நான் போன்ல பாத்துட்டு, நிக்கிறதுக்கா சம்பளம்னு எம்பொண்ணுகிட்ட கேட்டேன். அப்பறம் ரோசன பண்ணிப் பாத்தேன். நம்மளும் பெல்ட்டாண்ட நின்னவங்கதான். அது பாட்டுக்கு ஓடும், நம்ம நிப்போம். என்னிக்கோ ஒருநாளு ஒரு உருளை சிக்கிக்கும். அன்னிக்கி அந்த எடத்துல நம்ம இல்லன்னா தீந்துது. நிக்கிறது லேசுப்பட்ட வேல இல்ல. இவரு பதினேழு வருசம் நின்னுருக்காரு. அத்தனையும் கான்ட்ராக்ட்லயே நின்னுருக்காரு. நான்லாம் அவ்ளோ நாளு கான்ட்ராக்ட்ல நின்னிருந்தா செத்துப் போயிருப்பேன்."

மைக்கைக் கீழே வைத்துவிட்டு மாலையை எடுத்தார். நான் எல்லாவற்றையும் மொழிபெயர்த்தேன். மூக்கு உறிஞ்சிக்கொண்டே மொழிபெயர்த்ததால் பாதி புரிந்திருக்காது.

குட்டியானை கிளம்பியது. முன்னால் மேளம். சரவெடி. நிலா சாமந்திப் பூவை எல்லோர் தலையிலும் போட்டுக்கொண்டு வந்தாள். ஆர்ச் கேட்டைத் தாண்டி எங்கள் தெருவுக்குள் திரும்பும்போது தாவிதேயின் பாக்கெட்டில் போன் அடித்தது.

எடுத்துப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. ஏஜெண்ட். காதில் வைத்தார், ஒன்றும் கேட்கவில்லை. மேளக்காரரைப் பார்த்துக் கையைக் காட்டினார். மேளம் நின்றது. வண்டி நின்றது. தெருவே அவர் போன் பேசுவதைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"யாரும்மா அது?" என்றார் அப்பா.

"ஏஜெண்ட்டுப்பா. ஒரு கிளப்புல ஆளுக்குக் கால் ஒடஞ்சிடுச்சாம். இவரக் கூப்பிடறாங்க. ஜூன் வரைக்கும்."

"கான்ட்ராக்ட்டா?"

"கான்ட்ராக்ட்."

அப்பா ஃபிளெக்ஸைப் பார்த்தார். மேளக்காரர்களைப் பார்த்தார். பந்தல் போட்டிருந்த எங்கள் வாசலையும், தட்டோடு நின்ற அம்மாவையும் பார்த்தார். அப்புறம் வண்டிப் பக்கம் வந்து, என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"போறதா இருந்தா போவட்டும்மா. அவரு ஆசப்பட்டுகினு இருந்தது. மாலைய கழட்டிடலாம், ஒண்ணும் கெட்டுப் போயிடல. ஜூன்ல வந்து திருப்பி அடிங்கன்னு மேளத்துக்கு நான் சொல்லிக்கறேன்."

கான்ட்ராக்ட் என்ற வார்த்தையைக் கேட்டு முகம் சுளிக்காமல் என் அப்பா பேசியது அன்றுதான். அதை அப்படியே தாவிதேயிடம் சொன்னேன். அவர் அப்பாவைப் பார்த்தார். மாலையைக் குனிந்து பார்த்தார். போன் காதிலேயே இருந்தது. ஒரு கையால் மாலையைத் தொட்டார். கழற்றத்தான் போகிறார் என்று நினைத்தேன். என் கையும் அதற்காக நீண்டுவிட்டது.

மாலையைச் சரியாக இழுத்துவிட்டுக்கொண்டு, போனில், "நான் ரிட்டையர் ஆகிவிட்டேன்" என்றார்.

ஏஜெண்ட் சிரித்தது எனக்கே கேட்டது. எப்போது என்று கேட்டிருக்க வேண்டும்.

"இப்போதுதான். இன்னும் வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை" என்றார்.

போனைப் பாக்கெட்டில் போட்டுவிட்டு மேளக்காரரைப் பார்த்து அடிக்கச் சொன்னார். அடி தொடங்கியதும் அழ ஆரம்பித்தார். குழந்தை மாதிரி வாய்விட்டு அழுதார். தெருவில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ரிட்டையர் ஆகிறவர் குட்டியானையில் அழுவது எங்கள் ஊர் வழக்கம். அழாமல் வந்தால்தான் பேசிக்கொள்வார்கள். ஆரத்தித் தட்டை அம்மா என் கையில் கொடுத்தாள். அவளும் சேர்ந்து பிடித்துக்கொண்டாள்.

"உள்ள வாங்க மாப்ள" என்றாள். "டியூட்டி முடிஞ்சிது."

8

அந்த ஷூ இப்போது நெய்வேலியில் இருக்கிறது. கோல்கீப்பர் பையனுக்குக் கொடுத்துவிட்டு வந்தார். இத்தாலிக்குத் திரும்பியதும் அட்டைப்பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பிரித்தார். ஒன்றில் நாங்கள் கல்யாணத்தன்று வாங்கிய குக்கர் இருந்தது. குடோனில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அவரே போய்ச் சேர்ந்தார். பர்மனெண்ட் ஆகட்டும் என்று அப்பாவிடம் நான் சொல்லவில்லை. வேலை எப்படி இருக்கிறது என்று கேட்டால், "யாரும் விசில் அடிப்பதில்லை" என்பார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் போன் போட்டேன். தாவிதே பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஸ்பீக்கரில் போட்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று போனைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"அப்பா, டேவிட்டுக்கு பர்மனெண்ட் ஆயிடுச்சி."

"எதுல?"

"குடோன்லப்பா. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டறாரு."

போனில் செருப்புச் சத்தம் கேட்டது. கொல்லைப்பக்கம் போய்விட்டாரோ என்று நினைத்தேன்.

"ஏம்மா," என்றார், குரலில் நல்ல கோபம். "ரிட்டையர் ஆன மனுசன எதுக்கு வேலைக்கு அனுப்பற?"

என்ன சொல்கிறார் என்று தாவிதே என் முழங்கையை இடித்துக்கொண்டிருந்தார்.

"பொழுது போவலன்னு போறாரா?" என்றார் அப்பா. "சரி, போவட்டும். ரொம்ப நேரம் நிக்க வேணாம்னு சொல்லு."